புள்ளிக்கோட்டில் ஒரு பாய்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கத்திரி எழுதிக்கொள்வது. சளி போய்விட்டது. இருமல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி நெஞ்சைக் காலி செய்யமாட்டேன் என்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினுக்கு முன்னால் போட்டிருக்கும் அந்த ஆடுகிற முக்காலியை இன்னுமா வைத்திருக்கிறாய்?

இப்போது இருப்பது கல்வீடுகள் நிறைந்த மேட்டு நிலம். காற்று ஆளைத் தள்ளுகிறது. பெயருக்குத்தான் நம் ஊர்க் கல்லூரி, ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வீட்டை அளந்து வரைவதுதான் இரண்டு வருஷப் படிப்பு என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. நேற்று ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு, "வீடு வாங்க வந்தியா, வரி போட வந்தியா, அத மொதல்ல சொல்லு" என்றார். படிக்க வந்தேன் என்றேன். "வீட்ட என்னத்தப் படிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அப்புறம் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பேராசிரியர் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார். சுவரை மட்டும் வரைந்தால் அது வெறும் பெட்டி, ஆட்களையும் குறித்தால்தான் வீடு என்கிறார். அதனால் யார் எங்கே படுக்கிறார்கள் என்று ஒவ்வொரு அறையிலும் போடுகிறோம். வீட்டு ஆளின் படுக்கைக்கு முழுக்கோடு. வந்துபோகிறவர்களின் படுக்கைக்குப் புள்ளிக்கோடு. இதில் ஒரு கூத்து. ஒரு வீட்டில் மருமகனுக்குப் புள்ளிக்கோடு போட்டுவிட்டேன். மனிதர் கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாராம். "நான் என்ன ஒண்ட வந்தவனா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவர் முன்னாலேயே புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கிக் காட்டிய பிறகுதான் ஆள் அடங்கினார்.

உன்னை நினைத்துக்கொள்ளாமல் ஒரு வீட்டையும் அளப்பதில்லை. அம்மா அப்பா போன பிறகு, பெண்ணை இப்படி நாடோடியாக அனுப்பாதே என்று எல்லோரும் உன் காதைக் கடித்தார்கள். நீ ஒருத்திதான், "போடி. வீட்ட நான் பாத்துக்கறேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் ஒரு ஆணிகூட எடம் மாறாது" என்று பஸ் ஏற்றிவிட்டாய். வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையை இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உறைதான் கிழிந்துவிட்டது.

என் மேஜை மேல் துணி மூட்டையை வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடு. தூசி படியவிடாதே.

உன் அன்புத் தங்கை
கத்திரி

ஏப்ரல் 14

அன்புள்ள கத்திரிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முதுகுவலி இருந்த இடம் தெரியவில்லை, முக்காலியை மாற்றிவிட்டேன். இருமலை அலட்சியம் செய்யாதே. உன் அளவுக்கு ஒரு குளிர்ச்சட்டையும், தலையணைக்கு உறையும் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்சலைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போனது பட்டன் கடைக்காரர். சட்டைப் பட்டன்களும் அவர் கடையுடையவைதான், நல்ல கெட்டிப் பட்டன்.

கடையில் வேலை கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு அம்மாள் பழைய சட்டையைக் கொடுத்து மகனுக்குப் பெரிதாக்கித் தரச் சொல்கிறாள். துணி என்ன ரப்பரா? இருக்கிற பிடிப்பைப் பிரித்துவிட்டு இரண்டு விரல்கடை கூட்டிக்கொடுத்தேன். அடுத்த வருஷமும் வருவாள்.

உன் மேஜையில் தூசி இல்லை. தினமும் துடைக்கிறேன். சாயங்கால வெயில் அதன் மேல் விழும்போது பார்க்க அழகாக இருக்கிறது. ஜன்னல் திரை வெளுக்கவில்லை. உன் கட்டிலுக்குப் புது விரிப்பு தைத்திருக்கிறேன், பழைய அளவுதான்.

முன்பே சொன்னதுதான், எப்போதும்போல் கடை விலாசத்துக்கே எழுது. தபால்காரருக்கு மாடி ஏற முட்டி ஒத்துழைப்பதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டை கச்சிதம். உறை அதைவிடக் கச்சிதம், தலையணை மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. பட்டன் கடைக்காரருக்கு என் நன்றியைச் சொல். ஒவ்வொரு பட்டனையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தானே கொடுத்திருப்பார்? அவர் எண்ணுவதையும், அப்புறம் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மறுபடி எண்ணுவதையும் நினைத்துச் சிரித்தேன். இங்கே எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன். அவருக்குப் பார்சல் சுமக்கிற அளவுக்கு ஓய்வு இருக்கிறதா என்ன?

முக்கியமான விஷயம். ஐப்பசி வாக்கில் படிப்பு முடிகிறது. அதற்கு முன்னால் கடைசி வரைபடம் கொடுக்க வேண்டும். பேராசிரியர் சொன்னதைக் கேள்: "ரெண்டு வருஷமா ஊரார் வீட்டுக்குள்ள நொழஞ்சு பாத்தீங்க. கடைசியா அவங்கவங்க சொந்த வீட்ட வரைஞ்சு குடுங்க. அதுல தெரிஞ்சிரும் நீங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னு." நினைவிலிருந்து வரையக் கூடாது, அளந்த அளவுதான் வேண்டும், வீட்டிலிருப்பவரை அளந்து எழுதச் சொல்லலாம் என்கிறார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. மற்றவர்கள் அப்பாவையும் மாமாவையும் கெஞ்ச வேண்டும். எனக்கு அளப்பதையே தொழிலாக வைத்திருக்கும் அக்கா இருக்கிறாள். நீ டேப்பை எடுத்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்துவிடும். பெரிய அறை, சமையலறை, ஜன்னல், கதவு, அலமாரி எல்லாம் வேண்டும். கட்டிலும் மேஜையும் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதும் வேண்டும். உன் பாய்க்கு ஒரு முழுக்கோடு, என் கட்டிலுக்கு ஒரு முழுக்கோடு. எத்தனையோ வீட்டில் புள்ளிக்கோடாகப் படுத்துவிட்டேன், அலுத்துவிட்டது.

உடனே அனுப்பு.

உன் கத்திரி

ஜூன் 20

அன்புள்ள கத்திரிக்கு,

நலம். உன் நலம் தெரிந்து சந்தோஷம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைத் துணி மலைமாதிரி குவிந்து கிடக்கிறது. நானே அதற்குள் எங்கே இருக்கிறேன் என்று தேட வேண்டியிருக்கிறது. நடுவில் பட்டன் கடைக்காரரின் மகளுக்குக் காய்ச்சல், தாயில்லாத பிள்ளை, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அளவு விஷயம். சட்டைக்கு அளவெடுக்கிறவளுக்குச் சுவரை அளக்கத் தெரியுமா? நான் ஏதாவது தப்பாக எழுதி உன் மார்க்குக்கு உலை வைத்துவிடப் போகிறேன். நீ வந்தபிறகு நீயே அளந்துகொள்ளக் கூடாதா? அல்லது அங்கே பார்த்ததில் ஏதாவது ஒரு நல்ல வீட்டை வரைந்து கொடுத்துவிடேன். நம்முடையது என்ன பெரிய அரண்மனையா?

ஜாக்கிரதையாக இரு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்.

அரண்மனை இல்லைதான். அதனால்தான் வேண்டும். என்கூடப் படிக்கிறவள் ஒருத்தி மூன்று மாடி வீட்டை வரைந்துகொண்டிருக்கிறாள், ஒரு மாடியில் ஆளே இல்லை. நம் ஒன்றரை அறையில் ஒரு மூலைகூடச் சும்மா இருந்ததில்லை. இதை வரையாமல் வேறு எதை வரைவது?

வந்தபிறகு அளக்க முடியாது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு வருஷமும் ஆற்றில் கரைத்த புளிதான். அடுத்த குழுவோடு மறுபடி ஆறு மாதம் அலைய வேண்டும்.

தினமும் நடமாடுகிற இடம் அக்கா. அரை மணி நேர வேலை. உனக்கு என்ன வந்தது?

கத்திரி

ஆகஸ்ட் 5

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கோபம் கடுதாசியைத் தாண்டி வந்து சுட்டது. இதோ அளவு, வாங்கிக்கொள்.

பெரிய அறை நீளம் பதினாலு அடி, அகலம் பத்தடி. சமையலறை எட்டுக்கு ஏழு. கதவு மூன்றடி. ஜன்னல் அகலம் நாற்பத்தொன்றரை இஞ்ச், உயரம் ஐம்பத்து மூன்றேகால். உன் கட்டில் எழுபத்து நாலேகாலுக்கு முப்பத்தைந்தரை. அலமாரி வாய் முப்பத்தெட்டே முக்கால். உன் மேஜை நாற்பத்தெட்டுக்கு இருபத்து நாலு. மேஜையும், கட்டிலும், அலமாரியும், கதவும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வரிசையாக இருக்கின்றன, அது உனக்கே தெரியும்.

போதுமா? இனி உன் பாடு, பென்சிலின் பாடு. நன்றாக வரைந்து நல்ல பெயர் வாங்கு. பட்டன் கடைக்காரரும் அவர் மகளும் உன்னை விசாரித்தார்கள்.

அக்கா

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கொடுத்த அளவை வைத்து வரைந்தேன். மேஜை வந்தது, கட்டில் வந்தது, அலமாரி வந்தது. கதவை வைக்கப் போனால் சுவர் தீர்ந்துவிட்டது. நம் வீடு மாடி. கதவு ஆகாயத்தில் நிற்கிறது. நான்தான் தப்புச் செய்கிறேன் என்று புதுத் தாளில் மறுபடி போட்டேன். மறுபடியும் கதவு வெளியேதான் போய் நின்றது. பேராசிரியர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஒங்க வீட்டுக்கு ஏணி வச்சு எறங்குவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து உன் அளவுகளைப் பார்த்தேன். ஜன்னல் கால் இஞ்ச் வரை வந்திருக்கிறது. கட்டிலும் அலமாரி வாயும் அப்படித்தான். ஜன்னலுக்குத் திரை நீ தைத்தது. கட்டிலுக்கு விரிப்பு நீ தைத்தது. அலமாரிக்கு மறைப்புத் துணி நீ தைத்தது. நீ தைத்ததற்கெல்லாம் அளவு மயிரிழை பிசகவில்லை. நீ தைக்காததெல்லாம் முழு அடியில் இருக்கிறது. சுவருக்கு யாரும் சட்டை தைப்பதில்லையே.

கையில் டேப்பும் எதிரே சுவரும் இருக்கிறவள் இப்படி எழுதமாட்டாள். முக்கால் இஞ்ச் விட்டுப்போனால் பிரித்துத் தைக்கிறவள் நீ.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். என் மேஜையில் சாயங்கால வெயில் விழுகிறது என்று எழுதியிருந்தாய். நம் ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலையில் கண் கூசும், மத்தியானத்துக்கு மேல் விளக்குப் போட வேண்டும்.

அக்கா, இந்த அளவை எடுத்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

தங்கை

அக்டோபர் 2

அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் யாரையாவது எழுதச் சொல்.

வரைபடம் கொடுக்கவில்லை. பேராசிரியர் இரக்கப்பட்டுத் தவணை கொடுத்திருக்கிறார். திரும்பிப் போய் நேரில் அளந்து நவம்பர் பாதிக்குள் கொடுக்க வேண்டும். இருபத்து நாலாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக வீட்டுக்கு வருவேன். நான் கேட்ட கேள்விக்கு அங்கே வைத்துப் பதில் சொன்னால் போதும். ஒருவேளை நான்தான் பைத்தியக்காரி மாதிரி எதையோ கற்பனை செய்துகொண்டேனோ என்னவோ. அப்படியே இருந்தால் என் தலையில் நாலு குட்டு வை.

தங்கை

அக்டோபர் 27

அக்காவுக்கு,

இதே ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். உன் கடைக்கு நாலு தெரு தள்ளி, கல்லூரியின் பழைய வரைகூடத்தில் இருக்கிறேன். படிப்பு முடிந்தவர்களுக்கு விடுதியில் இடமில்லை என்றார்கள். இரண்டு வரைமேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறேன். காவலாளி, "வீடு இல்லியாம்மா ஒனக்கு?" என்று கேட்டார். இருக்கிறது, பூட்டியிருக்கிறது என்றேன். நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

இருபத்து நாலாம் தேதி காலை பையும் தலையணையுமாக மாடி ஏறினேன். கதவைத் தட்டாமல் தள்ளினேன், என் வீடுதானே. ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளாம். யாரு வேணும் என்றாள். தையல்கார அக்கா என்றேன். "அவங்க காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆகப் போகுதே. பட்டன் கடைக்காரரக் கட்டிக்கிட்டு அங்கதான இருக்காங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷம். நான் போய் முதல் மழைகூட நிற்கவில்லை, நீயும் போய்விட்டாய். எனக்கு விடுமுறை வந்தபோது, வீண் அலைச்சல், அங்கேயே இரு என்று எழுதினாயே, அப்போது நான் உன் பாசத்தை நினைத்து அழுதேன். தபால்காரரின் முட்டிக்காக வருத்தப்பட்டேன். தெருவில் அவரைப் பார்த்தேன், மனிதர் படிகளில் தாவுகிறார்.

அந்தப் பெண்ணுக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஊர் ஊராகப் போய் எப்படிக் கேட்டேனோ அப்படியே கேட்டேன்: "நான் கட்டடம் படிக்கிற மாணவி, ஒங்க வீட்ட அளந்துக்கலாமா?" சரி என்றாள். டேப்பின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள். நாம் பிறந்து வளர்ந்த அறையில், நான் அடுத்தவள் வீட்டை அளக்கிற பெண்ணாக முட்டி போட்டு அளந்தேன். பெரிய அறை பதினாலு அடி இல்லை, பதினேழே கால். நீ மூன்றடியைத் தொலைத்திருக்கிறாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு வீட்டையே திரைத்துணிக்குப் பின்னால் மறைத்துவிட்டாய். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். அளவையும் தபால்காரர் முட்டியையும் தவிர எதிலும் பொய் என்று சொல்லும்படி ஒரு வரி கிடையாது. மேஜையில் தூசி இல்லை. இருக்காது, யாரோ அதில் படிக்கிறார்கள். திரை வெளுக்கவில்லை. வெளுக்காது, வேறு ஜன்னலில் தொங்குகிறது. எல்லாவற்றையும் எழுதினாய், வீட்டை மட்டும் எழுதவில்லை.

கடை வாசல் வரை வந்தேன். நீ மெஷினில் குனிந்திருந்தாய். அவர் பக்கத்தில் நின்று ஒரு பட்டனைத் துணிமேல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. நீ ஏதோ சொன்னாய், அவர் சிரித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். நாலு தெருவுக்குத் தபால் போடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தங்கை

அக்டோபர் 30

தங்கச்சி,

சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நேற்று மருந்துக்கடைப் பெண் ரவிக்கைத் துணி கொடுக்க வந்தவள், "ஒரு பொண்ணு வந்து வீட்டையே அளந்துட்டுப் போச்சுக்கா, போகும்போது சுவரத் தொட்டுப் பாத்துட்டுப் போச்சு" என்றாள். கொஞ்ச நேரத்தில் உன் கடிதம் வந்தது. பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைத் தப்பான பக்கத்தில் வெட்டிவிட்டேன். வரைகூடத்துக்கு வந்தேன். நீ வெளியே போயிருப்பதாகக் காவலாளி சொன்னார். உள்ளேதான் இருந்தாய் என்று எனக்குத் தெரியும், உன் செருப்பு வாசலில் கிடந்தது. அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை உட்கார்ந்தேன். அவர் பெயரை எழுதிப் பார்சல் சுமந்தார் என்று முடிப்பேன். அவர் மகளை எழுதிக் காய்ச்சல் என்று முடிப்பேன். நீயே கேட்டுவிடமாட்டாயா என்று பார்த்தேன். நீ அவர் பட்டன் எண்ணுவதை நடித்துக் காட்டினேன் என்று எழுதினாய். இங்கே இருந்தபோதும் அவர் நடப்பதைப்போல் நடந்து காட்டுவாய், நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். சிரித்துவிட்டேன். அப்புறம் எந்த வாயால், அவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வது?

நீ படிப்பை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று பயந்துதான் மறைத்தேன் என்று உனக்குச் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். உன்னை அனுப்பியது படிக்கத்தான். ஆனால் உன் படிப்புக்காக மட்டும் இல்லை. அம்மா போனதிலிருந்து நான் எங்கேயும் போனதில்லை. நீ போனால்தான் நானும் போக முடியும். எல்லோரும் என்னைத் தியாகி என்றார்கள். நீயும் கடிதத்துக்குக் கடிதம் அப்படியே எழுதினாய். அந்தப் பெயர் எனக்கு இனித்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கல்யாணமும் வேண்டும், அந்தப் பெயரும் வேண்டும். ஆணிகூட இடம் மாறாது என்று பஸ் நிலையத்தில் சொன்னபோதே வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. இதை எழுதாமல் விட்டால் இன்னும் ஒரு பொய் ஆகிவிடும்.

மேஜையில் அவர் மகள் படிக்கிறாள். உன்னுடையது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்கிறாள்.

இந்த முறை நிஜமாகவே அளந்திருக்கிறேன். இந்த வீடு. டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக முட்டி போட்டே போனேன், அவர் மறுமுனையைப் பிடித்தார். எல்லா அளவும் பின்பக்கத்தில் இருக்கிறது. முன் அறையில் நானும் அவரும். உள் அறையில் உன் கட்டிலில் அவர் மகள். வீட்டிலும் ஒரு மெஷின் வைத்திருக்கிறேன், அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் போடலாம். உன் உயரத்துக்குக் காணும். மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினால் காலை நன்றாக நீட்டலாம். நகர்த்துகிறேன். வாடி.

அக்கா

நவம்பர் 12

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். இன்னொருமுறை படித்தால் உனக்காகப் பரிதாபப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நீ கல்யாணம் செய்துகொண்டதற்கு எனக்குக் கோபமில்லை. நான் கிண்டல் செய்தது நிஜம், அதற்காக ஒரு வாரம் உன்னிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்திருப்பேன், அப்புறம் அவரை மாமா என்று கூப்பிட்டிருப்பேன். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து இரண்டு வருஷத்தை எடுத்துக்கொண்டாயே. எத்தனை ஊரில், எத்தனை பேர் வீட்டுத் தரையில், எனக்கொரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருந்தேன் தெரியுமா? இல்லாத வீட்டை நம்பித் தூங்கியிருக்கிறேன். உன்னால் அந்தத் தூக்கத்தை எனக்குத் திருப்பித் தர முடியாது.

வரைபடம் கொடுத்துவிட்டேன். நம் பழைய வீட்டைத்தான் கொடுத்தேன், அந்தப் பெண்ணுக்கும் அவள் புருஷனுக்கும் குழந்தைக்கும் முழுக்கோடு போட்டு. பேராசிரியர் சரிபார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா, இதுல நீ எங்க படுக்கறே?" என்றார். இது என் வீடு இல்லை சார், என் வீடு என்று வரைய இதுதான் கிடைத்தது என்றேன். மனிதர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டேன். மார்க் நல்ல மார்க்தான்.

நீ அனுப்பிய அளவையும் வரைந்தேன், யாரும் கேட்காமல். இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை சுவர்கள் ஒன்றையொன்று தொட்டன. கதவு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. மேஜைக்கு நேராக மேற்கே ஜன்னல், சாயங்கால வெயில் விழத்தான் செய்யும். நீ பொய் சொல்லாமல் அளந்தால் உன்னை மிஞ்ச ஆளில்லை. உனக்கு முழுக்கோடு, அவருக்கு முழுக்கோடு, அவர் மகளுக்கு என் கட்டிலில் முழுக்கோடு. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய், நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன அளவில். அதைப் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறேன். அந்த மருமகனைப்போலச் சண்டைக்கு வராதே. அவருக்கு உரிமை இருந்தது, நான் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்தேன்.

வரைகூடத்தை வர்ணம் அடிக்கக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஒரு கட்டட அலுவலகத்தில் தை மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், தங்க இடமும் உண்டாம். அதுவரை எனக்குப் போக்கிடம் இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவேன்.

மெஷினை நகர்த்த வேண்டாம். வந்துபோகிறவர்களுக்காக யாரும் மெஷினை நகர்த்துவதில்லை, நான் காலை மடக்கிக்கொள்வேன். தலையணையும் எடுத்து வைக்காதே. நம் வீட்டுத் தலையணை என்னிடம் இருக்கிறது.

தங்கை